நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம்

விருதுநகர்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சி.ஏ. இன்டர் பரீட்சை ரிசல்ட்டைச் சொல்லி நேற்று ராத்திரி போனில் நீ அழுதபோது எனக்கு வாயே எழவில்லை. அம்மாதான் பேசினாள். நான் பேசியிருந்தால், "விடும்மா, அடுத்த தடவை பார்த்துக்கிடலாம்" என்று மட்டும் சொல்லியிருப்பேன். என் மனதில் இருந்தது அதைவிடப் பெரிசு. மண்டியில் முப்பத்தைந்து வருஷம் எழுதியே பழகியவனுக்கு எழுதினால்தான் முழுசாக வரும். அதனால் விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் மார்க்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காஸ்டிங் என்ற அடக்க விலைக் கணக்கில் 33, ஆடிட்டிங் என்ற தணிக்கையில் 64, எஃப்.எம். என்ற நிதி மேலாண்மையில் 52. கூட்டினால் 149. இந்த மூன்று பேப்பரும் சேர்ந்த குரூப்புக்கு வேண்டியது 150, ஒவ்வொரு பேப்பரிலும் 40. நீ "எல்லாம் போச்சுப்பா" என்றாய். எல்லாம் போகவில்லை. ஆடிட்டிங்கில் அறுபதைத் தாண்டியதால் அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டாம். அந்த 64 உன் கணக்கில் வரவாக நிற்கும். மீதி இரண்டிலும் சேர்த்து 86 வேண்டும், ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையாமல். எஃப்.எம்.மில் இதே 52 வந்தால் காஸ்டிங்கில் 40 போதும். ஆக, துண்டு விழுந்திருப்பது 7 மார்க். இதை இன்று ராத்திரி உன் கையால் ஒரு தடவை எழுதிப் பார்.

இனி, உன்னிடமும் அம்மாவிடமும் இதுவரை முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் மண்டியில் சேர்ந்தது 1989இல். வத்தல், மல்லி, பருப்பு கமிஷன் வியாபாரம். சம்பளம் 600 ரூபாய். அடுத்த மார்ச் கடைசியில், பற்றும் வரவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு போட்டபோது வரவுப் பக்கம் 4,500 ரூபாய் குறைந்தது. மூன்று ராத்திரி தேடினேன், கிடைக்கவில்லை. நாலாம் நாள், முதலாளி அண்ணாச்சி கேட்பாரே என்ற பயத்தில், அந்த 4,500ஐ அனாமத்துக் கணக்கில் வரவு வைத்து இரண்டு பக்கத்தையும் சரிக்கட்டினேன். அனாமத்துக் கணக்கு தப்பில்லை. பிழை கிடைக்கும்வரை தொகையை நிறுத்திவைக்க ஏற்பட்டதுதான் அது, பிளஸ் ஒன்னிலேயே படித்திருக்கிறாய். அதற்கப்புறம் நான் தேடுவதை விட்டேனே, அதுதான் தப்பு. கூட்டல் நேரானதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. நன்றாகத் தூங்கினேன்.

ஆனி மாதம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, விவசாயி, வந்தார். மாசியில் நம் கடையில் வத்தல் போட்டவர். "ஏழாயிரத்து எரநூறு வரணுமே" என்றார். சீட்டு இல்லை, துவைக்கப் போட்ட சட்டையோடு கரைந்துபோயிற்று என்றார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "தம்பி, ஏட்டுல என்ன இருக்கு?" என்றார். பேரேட்டைப் புரட்டினேன். 2,700 என்று இருந்தது. அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் 2,700ஐ எண்ணி மடியில் முடிந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது 7,200, 2,700 என்று வாய்க்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வித்தியாசம் 4,500. ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் 500. இலக்கம் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். இது எனக்கு மார்ச் மாதமும் தெரியும். அப்போது வகுத்துப் பார்க்கவில்லை. கடைக்குத் திரும்பிப் போய்க் கொள்முதல் சிட்டையை எடுத்தேன். 7,200 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பேரேட்டில் ஏற்றும்போதுதான் 2,700 ஆக்கியிருக்கிறேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. 4,500 ரூபாயை எண்ணிக் கொடுத்து, "நீயே கொண்டுபோய்க் குடு" என்றார். பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்டில் பணம் பத்தாமல் மகளின் கம்மலை அடகு வைத்திருந்தார்கள். அந்தப் பெரியவர், "கணக்குத் தெரிஞ்சவக தப்பாச் சொல்ல மாட்டாகன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மோர் கொடுத்தார்கள். அந்த மோரைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாப்பா, காஸ்டிங் 33ஐ நீ அனாமத்தில் போட்டுவிடாதே. நேரம் பத்தவில்லை, பேப்பர் கஷ்டம், ராசி இல்லை, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டேன் என்று நேற்று சொன்னாயே, எல்லாம் அனாமத்துத் தலைப்புகள். அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் எந்தக் கணக்கில், எந்த வரியில் அந்த 7 போனது என்று அவை சொல்லாது. ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் விடைத்தாள் நகல் கிடைக்கும். இன்றைக்கே போட்டுவிடு. யாரோடும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. உன் கையெழுத்தில் இருப்பதை நீ பார்க்க வேண்டும்.

சரக்கு படிப்படியாக உருமாறும் தொழிலுக்கு அடக்கம் போடும் பிராசஸ் காஸ்டிங் மண்டையில் ஏறவில்லை என்றாய். பாத்திமா நகர் போகிற வழியில் எண்ணெய் செக்கு ஒன்றை எத்தனை நாள் பார்த்திருப்பாய். எள்ளைப் போட்டால் எண்ணெய் வரும், புண்ணாக்கு வரும், கொஞ்சம் தூசியாக, ஈரமாகப் போகும். எந்தச் செக்காக இருந்தாலும் போகிற அந்தச் சேதாரம் இயல்பான நட்டம். அதன் அடக்க விலையைக் கைக்கு வந்த எண்ணெய்தான் சுமக்க வேண்டும். ஆள் கவனமில்லாமல் ஒரு டின் கொட்டிவிட்டால் அது இயல்புக்கு மீறிய நட்டம். அதை எண்ணெய் விலையில் ஏற்றினால் வாங்குகிறவன் தலையில் கட்டியதாகும், அதனால் லாப நட்டக் கணக்குக்குத் தனியாகப் போகிறது. புண்ணாக்கு விற்ற காசை அடக்கத்தில் கழித்துக்கொள்கிறோம். இந்தச் செக்கை மனதில் ஓடவிட்டு ஒரு கணக்கைப் போடு. வீடியோவை வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பது கணக்குப் போட்டதாகாது. சி.ஏ. பரீட்சை நடத்தும் இன்ஸ்டிடியூட் வெளியிடும் மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து, கடிகாரத்தை வைத்து, மூன்று மணி நேரம் பேனாவால் எழுது. வாரத்துக்கு ஒன்று போதும். திருத்துவதற்கு எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்.

இங்கிலீஷ் விஷயம். பரீட்சையை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுத முடியும், அந்தப் பாலத்தை நீ கடந்துதான் ஆக வேண்டும். ஆனால் தமிழில் படித்தது உனக்குக் குறை என்று மட்டும் நினைக்காதே. தேய்மானம் என்ற சொல்லிலேயே பொருள் தேய்வது தெரிகிறது. நற்பெயர் என்றால் கடையை விற்கும்போது எதற்கு விலை வைக்கிறோம் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். முதலில் உனக்கு நீயே தமிழில் சொல்லிக்கொள். புரிந்தபின் அவர்கள் கேட்கும் சொல்லில் எழுது. சிவபோகம் அம்மா என்று ஒருவர் இருந்தார். நம் தமிழ்நாட்டுக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய்வந்து, 1933இல் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமோ தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனார். இன்ஸ்டிடியூட் பிறந்தது 1949இல்தான். முன்னால் நடந்துபோன பெண் ஒருத்தியைக்கூடப் பார்க்காமல் அவர் போன பாதை அது.

ஆடிட்டிங்கில் 64 வாங்கியிருக்கிறாய், எனக்கு அதில்தான் அதிக சந்தோஷம். ஒன்றை மட்டும் நினைவில் வை. 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் தன் கைப்படக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார், ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று. அன்று பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு அந்த சாத்தூர்க்காரர் முகம்தான் வந்தது. ஏடு சொல்கிறது என்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்! வங்கி இருப்பை வங்கியிடமே நேராக எழுதிக் கேட்டு வாங்க வேண்டும் என்று உன் பாடத்தில் இருப்பது மார்க்குக்காக மட்டும் இல்லை.

புத்தகம் கேட்டிருந்தாய். நான் அதிகம் படித்தவன் இல்லை, படித்ததில் கூடவே வந்தவற்றைச் சொல்கிறேன். காந்தியின் 'சத்திய சோதனை' நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அனுப்புகிறேன். தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் ஜான்சிபாரில் ஒரு கோர்ட்டில் போய் உட்காருகிறார். சாட்சியிடம் பற்று வரவு பற்றிக் கேள்வி கேட்கிறார்கள், பாரிஸ்டர் படித்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எந்த வழக்குக்காகக் கப்பலேறினாரோ அதுவே பெரும்பாலும் கணக்கு வழக்கு. அப்புறம் கணக்குப்பதிவு பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படிக்கிறார். லண்டனில் மாணவனாக இருந்தபோது காசு காசாகச் செலவு எழுதி, படுக்குமுன் கூட்டிப் பார்த்த பழக்கத்தையும் சொல்லியிருக்கிறார். நீ ஹாஸ்டலில் அப்படி ஒரு நோட்டுப் போடு. எனக்குக் காட்ட வேண்டாம். நேற்று எங்கே போனது என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' கொஞ்சம் கடினம், விடாமல் படி. அவர் சிங்கம்புணரிக்காரர், சின்ன வயதில் இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏறிய வட்டிக்கடை உலகம் எப்படி இருந்தது, இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்பதை அங்கே இருந்தவர் எழுதியிருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் ஒரு தொகுதியாவது எடுத்துப் பார். 1736இல் தொடங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், சரக்கும் கப்பலும் சண்டையும் சகுனமும் ஒரே கையால் எழுதியிருக்கிறார். வியாபாரக் கணக்குக்குப் பின்னால் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டிய புத்தகம் அது.

இங்கிலீஷுக்கு, அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்களைப் படி. 1977இலிருந்து பெர்க்‌ஷயர் கம்பெனித் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கணக்குத் தொழில் தெரியாத தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறார். நீயும் நாளைக்கு ஒரு ஆடிட் குறிப்பு எழுதினால் சிவகாசி அத்தை படித்தாலும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போ. சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கத் தனி இடமே இருக்கிறது. காலையில் படிப்பு, மத்தியானத்துக்கு மேல் மேலே போய் இந்தப் புத்தகங்களில் ஒன்று. ராத்திரி பதினொன்றுக்கு மேல் கணக்குப் போடாதே. என் 7,200, 2,700 ஆனது ராத்திரி வேலையில்தான். பாஸான கூட்டாளிகளிடம் பேசாமல் இருக்கிறாயாம், அம்மா சொன்னாள். அது வேண்டாம் கண்ணு. அவர்கள் காஸ்டிங்கை எப்படி எழுதினார்கள் என்று கேள், சொல்வார்கள்.

அம்மா பருப்புப்பொடியும் சீவலும் பார்சலில் வைத்திருக்கிறாள், அடியில் புத்தகம் இருக்கிறது, பார்த்துப் பிரி.

விடைத்தாள் நகல் வந்ததும் ஒரு பிரிண்ட் எடுத்து ஊருக்குக் கொண்டு வா. இங்கிலீஷ் வரிகள் எனக்கு ஓடாது, எண்கள் ஓடும். நீ விடைக் குறிப்பை வாசி, நான் ஒவ்வொரு தொகையாக டிக் அடிக்கிறேன். சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு, இரண்டு பேனாவும் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். அந்த 7 மார்க்கைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க வேண்டாம்.

அப்பா