குழி வெட்டியவர்களுக்கும் எழுத்துத் திருத்தியவர்களுக்கும்

அன்புடையீர்,

ஒற்றை லேபாக இருந்த நம் கல்லூரிக் கணினி மையம் இன்று விடுதி வைஃபை, நூலகத் தேடல், கட்டணக் கவுன்டர், மதிப்பெண் பதிவு என வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. திறப்பு விழாவில் சர்வருக்குக்கூடச் சந்தனம் வைத்தார்கள். மேடைக்கு வராதவர்களுக்கு இந்த மடல்.

முதலில் குழி வெட்டிய அண்ணன்மாருக்கு. நெட்வொர்க் காப்பர் கேபிள் 100 மீட்டர் வரைதான். கட்டடத்துக்குக் கட்டடம் அதை இழுத்தால் ஐப்பசி இடிமின்னலில் இரு முனை நெட்வொர்க் ஸ்விட்சும் கருகலாம். அதனால் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை, ஃபைபர். அதையும் மரத்தில் தொங்கவிட்டால் அணில் கடிக்கும், புதைக்கத்தான் வேண்டும். ஆனால் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், குழாயையும் சேர்த்து இழுக்கும். 3 அடி ஆழத்தில் குழாய்க்கு அடியிலும் மேலும் மணல் விரித்தீர்கள். திருப்பத்துக்குத் திருப்பம் சேம்பர் (மூடிபோட்ட தொட்டி) கட்டி 10 மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்தீர்கள். வீண் செலவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பொக்லைன் பட்டு அறுந்தால் ஒட்டுப்போட இழுக்க அந்தச் சுருள்தான் கைகொடுக்கும். குழாய்க்கு ஓரடி மேலே எச்சரிக்கை நாடா போடச் சொன்னதும் நீங்கள்தான், எங்களுக்குத் தோன்றவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு: அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் மண் காய்ந்து எர்த் கெட்டுப்போகும். மறக்காமல் குழியில் தண்ணீர் ஊற்றினீர்கள். ஏசி வடிகுழாய் அடைத்து சர்வர் ரேக்கின் தலையில் சொட்டியதை முதலில் கண்டு சொன்ன துப்புரவு அக்காவுக்கும் நன்றி.

விடுதி மாணவர்களே, "நெட் வரலை" என்று மட்டும் எழுதாமல் அறை எண், நேரம், திரையில் வந்த வரி மூன்றையும் குறித்துத் தந்தீர்கள். அதனால்தான் கோளாறு சிக்னலில் இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் தரும் எண்ணான முகவரியில் என்று பிடிபட்டது. நாங்கள் வைத்திருந்த ஒரு தொகுதிக்கு 254 முகவரிதான். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றால் 130 பேருக்கே போதாது. பிளாக் வாரியாகப் பிரித்து, ஒரு கருவி முகவரியைப் பிடித்துவைக்கும் நேரத்தையும் குறைத்தோம்.

நூலகத்தாருக்குச் சொல்லும் நன்றி கொஞ்சம் நீளம். பழைய எழுத்துருப் பதிவுகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். 'ஔவையார்' என்று தேடினால் பாதி நூல் வரவில்லை. பழைய பதிவில் 'ஒ'வையும் 'ள'வையும் தனித்தனியாக அடித்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'கௌ'வில் இதே தொல்லை. துணைக்கால் விழவேண்டிய இடத்தில் 'ர', 'ஸ்ரீ'க்கு இரண்டு விதக் குறியீடு. எல்லா 'ஒள'வையும் ஒட்டுமொத்தமாக 'ஔ' என்று மாற்றினால் 'ஒள்ளிய' என்பதும் 'ஔ்ளிய' ஆகிவிடும். ஆகவே புத்தகத்தைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தீர்கள். வெறும் தேடி மாற்றும் கட்டளை இதைச் செய்து தந்திருக்காது.

புரட்டாசியில் புதிய விடுதிக்குக் குழி வெட்டவேண்டும். எச்சரிக்கை நாடா 2 சுருள் மீதம், ஸ்டோரில் இருக்கிறது அண்ணே.

இப்படிக்கு,
கணினி மையப் பணியாளர்கள்