அம்பாசடர் பின்பக்கப் பட்டை பராமரிப்பு: ஞாயிறு காலை

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு, 15ஆம் தேதி காலை 7 மணிக்கு என் வீட்டு ஷெட்டில் நம் வண்டிகளின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை, அதாவது வண்டி எடையைத் தாங்கும் எஃகுத் தகடு அடுக்குகளை, சேர்ந்து பார்க்கிறோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014இல் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. நம்மிடம் இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும்.

1. சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதி வாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பட்டை தொய்ந்திருக்கலாம்.
2. சனி இரவே, பட்டையைச் சக்கர அச்சோடு (ஆக்ஸில்) பிடித்திருக்கும் யு போல்ட் நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். பட்டையின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்ஷில் படக் கூடாது, ஊறிக் கெட்டுவிடும்.
3. கம்பி பிரஷ், இரண்டு ஜாக் ஸ்டாண்ட் அவசியம். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம்.
4. வண்டியை இறக்கி, எடை பட்டையில் உட்கார்ந்த பிறகே, பட்டை முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் நட்டை முழுசாக முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் புஷ் சீக்கிரம் கிழியும்.

போன மாதம் என் வண்டியில் யு போல்ட் தளர்ந்து, தகடுகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட் முறிந்து, ஆக்ஸிலே நகர்ந்துவிட்டது. நல்லவேளை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்கிவிடுங்கள்.

வருபவர்கள் வண்டி மாடல், புஷ் தேவையா என்பதை வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். சேர்த்து வாங்கிவிடலாம்.