முதல்ல கையுறை மட்டும் போதுமுங்க

ஈரோடு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஏனுங்க, பையனுக்குப் பேஸ்பால் செட்டு முழுசா எவ்வளவு வருமுங்க?" பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் கடையில் இந்தக் கேள்வி வந்துவிடும். பி.இ.டி. சார் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்: பேட், பந்து, கையுறை, ஹெல்மெட், ஸ்பைக் ஷூ. அத்தனையையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய், மூன்றாம் மாதம் பையன் கபடிக்கு மாறிவிட்டான் என்று பையோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. யாருக்கும் காசு சும்மா வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பிள்ளைக்கென்று தனியாக வாங்க வேண்டியது கையுறை ஒன்றுதான். அது கைக்குப் பழகப் பழகத்தான் பந்து உள்ளே உட்காரும். பேட், ஹெல்மெட், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சர் போடும் முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் அணிக்குப் பொதுவாக இருந்தால் போதும். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு பேட் வாங்கலாம், தப்பில்லை. ஸ்பைக் ஷூவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் நடத்தும் லிட்டில் லீக்கிலேயே 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இரும்பு ஸ்பைக் கூடாது. வீட்டில் கிடக்கும் ஃபுட்பால் ஷூ போதும்.

கையுறையில் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது அளவு. எட்டு வயது வரை 9 முதல் 10.5 அங்குலம், பன்னிரண்டு வயது வரை 11.5க்குள், அதற்கு மேல் 12 அங்குலம் வரை போகலாம். "வளர்ற பையன், பெருசாவே குடுங்க" என்பது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. பெரிய கையுறையை மூட முடியாமல் பந்து நழுவும், பிள்ளைக்குப் பயம் வந்துவிடும். இரண்டாவது, எந்தக் கை என்பது. சோத்தாங்கையால் எறிகிற பிள்ளைக்குக் கையுறை இடது கையில் வர வேண்டும். உறையின் மேல் 'வலது' என்று போட்டிருந்தால், வலது கையால் எறிபவருக்கா, வலது கையில் மாட்டவா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்காமல் வாங்கி நாங்களே மாட்டிக்கொண்டோம். வடக்கேயுள்ள ஒரு சப்ளையரிடம் 'வலது கை' என்று சொல்லி இருபது கையுறை வரவழைத்தால், இருபதும் வலது கையில் மாட்டுகிற மாதிரி வந்து இறங்கின. திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது? எங்களிடம்தான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கோவைப் பக்கம் போகிறவர்கள் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கடைகளில் நாலு இடம் விசாரித்துவிட்டே வாருங்கள். அவர்களும் நாங்களும் வாங்குவது பெரும்பாலும் ஜலந்தரிலிருந்தும் மீரட்டிலிருந்தும்தான். 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த தொழிலாளிகள் வளர்த்த தொழில் அது. பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஆர்டராகப் போட்டால் அங்கிருந்தே நேரடியாக எடுக்கலாம். லாரி பார்சல் செலவும் பங்காகிவிடும். பணம் அனுப்பும் முன் ஒரு கையுறை மட்டும் சாம்பிள் வாங்கிப் பாருங்கள். நாங்கள் செய்யாதது அதுதான். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் பழைய வரி இருந்தால் கேளுங்கள்.

ஆன்லைனில் பேட் தேடுகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். 'தற்காப்புக்கு', 'காரில் வைக்க' என்று வருகிற மரக்கட்டைகள் மலிவுதான், ஆனால் அவை விளையாட்டுக்கானவை அல்ல. ஒருவர் அப்படி வாங்கிய பேட்டை எங்கள் தராசில் வைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரு கிலோ. பத்து வயதுப் பிள்ளைக்கு 28 அங்குல நீளத்தில் அரைக் கிலோ பேட் இருந்தால் போதும். சிறுவர் பேட்டில் 'மைனஸ் 10' என்று போட்டிருப்பார்கள். நீளம் எத்தனை அங்குலமோ, எடை அதைவிடப் பத்து அவுன்ஸ் குறைவு என்று அர்த்தம். எண்ணெல்லாம் வேண்டாம் என்றால், பிள்ளை ஒரு கையால் பேட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கட்டும். இருபது எண்ணுவதற்குள் கை இறங்கினால் அந்தப் பேட் வேண்டாம்.

அமெரிக்காவில் மாமனோ சித்தப்பாவோ இருந்தால் இன்னும் யோகம். 2018 ஜனவரி முதல் லிட்டில் லீக்கில் 'யுஎஸ்ஏ பேஸ்பால்' முத்திரை உள்ள பேட்டைத்தான் விடுகிறார்கள். அதற்கு முந்தைய நல்ல அலுமினிய பேட்டுகள் அங்கே போட்டிக்கு உதவாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கும். நம் பிள்ளைகள் பழக அதற்கென்ன குறை? ஆனால் பேட்டைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கையில் கொண்டுவந்தால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

பந்துக்கு வருவோம். நம் ஊர்ப் பள்ளி மைதானங்கள் கல்லும் மண்ணும். 108 இரட்டைத் தையல் போட்ட தோல் பந்து அதில் சீக்கிரமே நார் நாராகிவிடும். பயிற்சிக்கு ரப்பர் மேலுறைப் பந்தே போதும், தோல் பந்தை மேட்சுக்கு வையுங்கள். கிரிக்கெட் பந்தை வைத்து ஒப்பேற்றுவதும் வேண்டாம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம், ஆண்கள் ஆடும் முழு அளவு கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 156க்குக் கீழே வராது. சின்னத் தோளுக்கு அது தெரியும். அப்புறம், பள்ளியில் ஆடுவது பேஸ்பாலா சாஃப்ட்பாலா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். சாஃப்ட்பாலின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலுக்கு ஒன்பதுதான். இரண்டுக்கும் கையுறையும் வேறு.

உள்ளூரிலேயே முடிகிற வேலையும் நிறைய இருக்கிறது. பேஸ் என்பது ஓடித் தொடுகிற மெத்தை, பிள்ளைகளுக்கு 15 அங்குலச் சதுரம் போதும். பைக் சீட் தைப்பவரிடம் ரெக்ஸின் கொடுத்து, பொள்ளாச்சித் தேங்காய் நார் அடைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அடிப்பவர் பக்கத்தில் தரையில் கிடக்கும் ஹோம் பிளேட்டை 17 அங்குல அகல ரப்பர் ஷீட்டில் வெட்டிக்கொள்ளலாம். பந்தை வைத்து அடிக்கப் பழகும் ஸ்டாண்டுக்கு ஒரு இரும்புத் தட்டு, பி.வி.சி. பைப், நுனியில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் போதும், எந்த லேத் பட்டறையிலும் ஆகிவிடும். ஜெர்சிக்கு நான் சொல்லவே வேண்டாம், திருப்பூர் காதர்பேட்டை பக்கத்தில்தானே இருக்கிறது.

ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு காதையும் மூடுகிற பேஸ்பால் ஹெல்மெட்டாகப் புதிதாக வாங்குங்கள். அடிபட்ட பழசை, மேலே கீறல் தெரியாவிட்டாலும், நாங்கள் விற்பதில்லை. இடுப்புக்குக் கீழே போடும் கார்டு மட்டும் கிரிக்கெட்டுடையதே போதும்.

பழைய கையுறை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தோல் கயிறு அறுந்திருந்தால் கவலை வேண்டாம், செருப்புத் தைப்பவர் மாற்றிக் கொடுப்பார். உள்ளங்கைத் தோல் வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத ஊர் என்று கையுறையை அதில் ஊறப் போடாதீர்கள், கனத்துத் தொங்கிவிடும். துணியில் தொட்டு லேசாகத் தடவி, உள்ளே ஒரு பந்தை வைத்துக் கட்டி இரவில் வைத்தால் போதும்.

கடைசியாக அந்த இருபது. பதிமூன்று போய்விட்டன, ஏழு மேல் தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. எல்லாம் 11 அங்குலம், நல்ல மாட்டுத்தோல். வீட்டில் இடது கையால் எறிகிற கண்ணு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாதி விலைக்குத் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை உண்டு.

அன்புடன்,
கடைக்காரர்