விண்டோஸ் டிரைவை லினக்ஸில் மவுண்ட் செய்வோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் டிரைவில் கோப்புகளைச் சேமிக்க லினக்ஸ் மறுத்தால், உறக்கநிலைக் கோப்பை (விண்டோஸ் அணையும்போது தன் நிலையை எழுதிவைக்கும் கோப்பு) அழிக்கும் விருப்பத்தைச் சேர்த்து அந்த டிரைவை மவுண்ட் செய்துகொள்ளலாம் (லினக்ஸில் பயன்பாட்டுக்குத் திறந்துகொள்ளலாம்) என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் வாசகர் ஒருவருக்கு விடையளிக்கப்பட்டிருந்தது. அந்த வழி பலன் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதை முதல் மருந்தாகச் சொல்லியிருக்கக் கூடாது.

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்குகிறது. நாம் ஷட் டவுன் கொடுத்தாலும், விண்டோஸ் தன் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலையை அந்த உறக்கநிலைக் கோப்பில் எழுதிவைத்துவிட்டே அணைகிறது. மறுபடி எழும்போது, டிரைவில் எது எங்கே இருக்கிறது என்ற பழைய கணக்கையே நம்பி வேலையைத் தொடர்கிறது. இடையில் லினக்ஸ் அதே டிரைவில் எதையேனும் எழுதியிருந்தால், அந்தக் கணக்கு பொய்த்து, கோப்புகள் சிதைந்துபோகும். லினக்ஸில் விண்டோஸ் டிரைவுகளைத் திறக்கும் மென்பொருளான என்டிஎஃப்எஸ்-3ஜி அத்தகைய டிரைவைப் படிப்பதற்கு மட்டும் திறந்துவிடுவது இதனால்தான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டுமே காரணமாக இருந்தால், உறக்கநிலைக் கோப்பை அழிப்பதால் பெரிய இழப்பு நேராது. பயனர் ஹைபர்னேட் (திறந்திருப்பவற்றை அப்படியே பதிந்துவைத்து அணைத்தல்) கொடுத்துவிட்டு வந்திருந்தாலோ, சேமிக்காமல் திறந்து வைத்திருந்த அனைத்தும் அதோடு போய்விடும்; அந்தக் கட்டளை இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பாதி தட்டச்சு செய்திருந்த திட்ட அறிக்கையை இப்படிப் பறிகொடுத்த கல்லூரி மாணவர் ஒருவரை நான் அறிவேன். 2021-இல் லினக்ஸ் கெர்னல் 5.15-இல் சேர்ந்த, அதே வேலையைச் செய்யும் என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் மென்பொருளிலும், முறையாக மூடப்படாததைக் காட்டும் பழுதுக்குறி உள்ள டிரைவை வலிந்து மவுண்ட் செய்யும் விருப்பம் ஒன்று உண்டு. அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது எளியது. விண்டோஸுக்குள் சென்று, திறந்திருப்பவற்றைச் சேமித்துவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணையும். ரீஸ்டார்ட் கொடுத்து, பூட் மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் போதும். ரீஸ்டார்ட்டின்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கிடுவதில்லை. நாள்தோறும் இரண்டையும் பயன்படுத்துவோர், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அந்த வசதியையே நிறுத்திவிடுவது நல்லது.

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் (இந்தியாவில் உருவான லினக்ஸ் வகை) சேர்ந்தே வந்திருப்பதால், தங்கள் கணினிப் பகுதியைப் பார்த்து அப்படியே செய்துபார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே, விண்டோஸை முறையாக அணைத்த பின்னும் டிரைவ் திறக்காவிட்டால் மட்டுமே அந்தக் கட்டளையை நாட வேண்டும் என்ற திருத்தத்தை, அடுத்த வாரப் பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி.