தைப்பூச நடை: இருவராகச் செல்வோர் கவனத்துக்கு

ஆச்சிமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். பழனி நடையில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி வரை இரண்டிரண்டு பேராகப் போவோம். மெதுவாக நடப்பவரின் வேகமே இருவருக்கும் வேகம்.

விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிழல் சேருங்கள். வெறுங்கால் தார்ச்சூடு தாங்காது. கொப்புளம் திடீரென்று வராது. முதலில் ஓரிடம் மட்டும் சுள்ளென்று காந்தும். அப்போதே உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காயவிட்டு, பிளாஸ்திரி ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்ப்போம்" என்று தள்ளினால் நீர் கோத்துவிடும். கோத்தபின் தோலை உரிக்கவே கூடாது. மண் பட்டுச் சீழ் பிடிக்கும். துணைக்கு வருபவர்தான் கேட்டுக்கொண்டே வரவேண்டும், வலியைச் சொல்லாதவர்கள் நம்மில் நிறைய.

இருட்டில் சாலையின் வலது ஓரமாக, எதிர்வண்டியைப் பார்த்தபடி, முன்பின்னாக நடங்கள். முன்னவர் கையில் டார்ச், இருவர் முதுகிலும் ஒளிரும் பட்டை. உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள்.