விதைக்கிழங்கு இறக்குமதி அனுமதி நடுகைக்கு முன் வேண்டும்: நுவரெலியா சிறு செய்கையாளர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
விவசாயப் பணிப்பாளர் நாயகம்,
விவசாயத் திணைக்களம்,
பேராதனை.

பிரதிகள்:
இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாளர் நாயகம், கொழும்பு.
மாவட்டச் செயலாளர், நுவரெலியா.

அனுப்புநர்:
கந்தப்பளை, இராகலை, லிந்துலைப் பகுதிகளில் சிறு நிலங்களில் உருளைக்கிழங்கு செய்யும் குடும்பங்கள்.

விடயம்: விதை உருளைக்கிழங்கு இறக்குமதி அனுமதிப்பத்திரத்தின் காலமும், அதில் சிறு செய்கையாளர்களின் பங்கும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாங்கள் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று கிழங்கு போடுகிறவர்கள். எங்களில் பலர் வீட்டில் ஒருவராவது தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். வெளிநாட்டு விதைக்கிழங்குக்கான இறக்குமதி அனுமதி பற்றிய முடிவு நடுகைக்குப் போதிய காலம் இருக்கும்போதே வர வேண்டும். அப்படி வரும் விதையில் ஒரு பங்கு எங்களைப் போன்றவர்களுக்குக் கூட்டாக, தரகர் கைக்குப் போகாமல் கிடைக்க வேண்டும். இவைதான் எங்கள் முக்கிய கோரிக்கைகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடுகைப் பொருள் கப்பலேறும் முன்பே இங்கே அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். அனுப்பும் நாடு தாவர சுகாதாரச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வந்திறங்கியதும் அதிகாரிகள் பரிசோதிக்க வேண்டும். இவை எல்லாம் தேவை என்பது இந்த மலையில் மண் கிளறுகிற எவருக்கும் தெரியும். கிழங்கின் பொன்னிற வட்டப்புழு நுவரெலியா மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் முட்டைக் கூடுகள் கிழங்கு போடாத நிலத்திலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும், அடுத்தவன் காணிக்கும் அது போய்விடும். பக்டீரியா வாடல் நோயும் அப்படித்தான். விதையோடு வரும், வந்தால் காணியை விட்டுப் போகாது.

ஒரு பூச்சி என்ன செய்யும் என்பதைத் தேயிலைக்காரர்களான நாங்கள் 2017 டிசம்பரில் பார்த்தோம். ஒரே ஒரு சரக்கில் வண்டு கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லி, ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. சில வாரங்களில் விலக்கினார்கள், சரி. ஆனால் அந்த நாட்களில் இந்த மலையில் எல்லாருக்கும் வயிற்றில் நெருப்புத்தான். 2021 இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாகக் கண்டு, தேசிய தாவரத் தொற்றுத்தடைக் காப்புச் சேவையின் அதிகாரிகள் அதை இறக்க விடவில்லை. அவ்வளவு அழுத்தத்திலும் சொன்னதை மாற்றாமல் நின்றார்கள். அந்த உறுதி விதைக்கிழங்கிலும் இருக்க வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் முதல் போகத்துக்குப் பெப்ரவரி, மார்ச்சில் நடவேண்டும். வெலிமடை, பொரலந்தப் பக்கம் நெல் வெட்டிய வயலில் கிழங்கு போடுகிறவர்களின் கணக்கு வேறு. ஐரோப்பாவில் விதைக்கிழங்கு தோண்டி முடிவது ஆகஸ்ட், செப்டெம்பரில். அங்கே அது குளிரறைக்குப் போகும். யார் முன்கூட்டிச் சொல்லி வைக்கிறார்களோ அவர்களுக்கே நல்ல தரம் கிடைக்கும். கப்பல் வர ஒரு மாதத்துக்குக் கிட்ட ஆகும். வந்ததும் பரிசோதனை, சுங்கம், பிறகு மலைக்கு லொறி. அதன் பின்னும் விதையை நேரே மண்ணில் போட முடியாது. பரப்பி வைத்து, முளை கட்ட விட்டு, தடித்த குட்டை முளை வந்த பிறகுதான் நடவேண்டும். இதையெல்லாம் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், பெப்ரவரி நடுகைக்கு உரிய அனுமதி முடிவு செப்டெம்பர் முடிவதற்குள் வந்தாக வேண்டும். நவம்பரில் வந்த அனுமதி காகிதத்தில் அனுமதிதான். காணிக்கு அது உதவாது.

பிந்தி வரும் விதைக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கொள்கலன் துறைமுகத்தில் தங்கினால், குளிரூட்டி ஒழுங்காக ஓடாவிட்டால், கிழங்கு உள்ளேயே நீள நீளமாக வெள்ளை முளை விட்டுவிடும். மூட்டையைத் திறக்கும்போதே அவை ஒடியும். இரண்டாம் தடவை வரும் முளைக்குப் பழைய பலம் கிடையாது. அப்புறம் நடுகை ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். தென்மேற்கு மழை பிடிக்கும் நேரத்தில் செடி இலை விரிந்து நிற்கும். பின்வெளிறல் நோய் ஒரு கிழமையில் காணியைக் கறுப்பாக்கிவிடும். அதற்கு மேல் மருந்து அடிக்கிற செலவு. விதையில் தொடங்கிய தாமதத்துக்கான பணத்தை நாங்கள் மருந்துக் கடையில் கட்டுகிறோம்.

ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 1000 கிலோ விதை வேண்டும். 50 கிலோ மூட்டையாக இருபது. செய்கைச் செலவில் பாதிக்குக் கிட்ட விதைக்கே போய்விடுகிறது. ஆகவே விதை தட்டுப்பாடாகும் பருவத்தில் எங்கள் நகை எங்கே போகிறது என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கடந்த பருவமொன்றில் இறக்குமதி செய்யும் ஒருவரிடம் கேட்டபோது, முழு லொறி எடுக்கிறவருக்கே கொடுப்பேன் என்றார். ஒரு மூட்டை, ஐந்து மூட்டை வேண்டியவர்கள் தரகரிடம் போனார்கள். தரகர் கொடுத்த மூட்டையில் சீட்டே இல்லை. என்ன இனம், எந்தத் தலைமுறை (மூல விதையிலிருந்து எத்தனையாவது பெருக்கம்), எந்த நாடு, எந்த அனுமதி இலக்கம், எதுவும் இல்லை. கிரனோலா இனம் என்று வாயால் சொன்னார். நட்டதில் பாதி உணவுக்கு வந்த கிழங்கு போலவே இருந்தது, பலனும் அப்படியே. துறைமுகத்தில் அவ்வளவு கவனமாகப் பரிசோதித்த பொருள், மலைக்கு வந்ததும் யாருடையதென்று தெரியாத மூட்டையாகிவிடுகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோளில் ஒரு பாதி கட்டுப்பாட்டை இறுக்கச் சொல்வதுதான். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதை கையாளுகிறவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவு கடைசி விற்பனை வரைக்கும் வர வேண்டும். விற்கும் ஒவ்வொரு மூட்டையிலும் இனம், தலைமுறை, நாடு, அனுமதிப்பத்திர இலக்கம் இருக்கும் சீட்டு தைத்திருக்க வேண்டும். தாவர சுகாதாரச் சான்றிதழின் பிரதி விற்கும் இடத்தில் தொங்க வேண்டும். சீட்டில்லாத மூட்டையை விதை என்று விற்கக் கூடாது. நடுகைக்கு முந்திய மாதத்தில் விவசாயப் போதனாசிரியர்கள் விற்பனை இடங்களுக்கு ஒரு சுற்று வந்தாலே பாதி ஏமாற்று நின்றுவிடும் என்பது எங்கள் எண்ணம்.

மறு பாதி, பங்கு. குளிரூட்டிய 40 அடிக் கொள்கலன் ஒன்றில் சுமார் 25 தொன் விதை வரும். அது 25 ஏக்கருக்குப் போதும். கால் ஏக்கர்க்காரர்கள் நூறு பேர் சேர்ந்தால் ஒரு கொள்கலன். இது பெரிய கணக்கு அல்ல. இராகலைப் பக்கம் ஒரு சில தோட்டப் பிரிவுகளிலேயே நூறு பேரைத் திரட்டிவிடலாம். ஆனால் சுங்க வேலை தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை, இறக்குமதியாளராகப் பதியும் வசதியும் இல்லை. அதனால் நாங்கள் இறக்குமதியாளராக வேண்டும் என்று கேட்கவில்லை. பதிவுபெற்ற இறக்குமதியாளருக்குக் கொடுக்கும் அனுமதியிலேயே ஒரு நிபந்தனை சேருங்கள்: இவ்வளவு பங்கு, முன்பணம் கட்டிப் பெயர் கொடுத்த சிறு செய்கையாளர் குழுவுக்கு, இன்ன விலைக்கு மேல் போகாமல். முன்பணம் கட்ட நாங்கள் தயார். தரகருக்குக் கொடுப்பதை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

பெயர் கொடுக்கும் இடத்தில் எங்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை இருக்கிறது. விதை ஒதுக்கீடு என்றால் கமநல சேவை நிலையத்தில் பதிந்த காணி விபரம் கேட்கிறார்கள். எங்கள் காணி எதுவென்று கேட்டால் என்ன சொல்வது? 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. காணி அரசினது, குத்தகை கம்பனியினது, அதன் ஓரத்தில் லயத்துக்குப் பின்னால் தலைமுறையாகக் கொத்துகிற எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் எங்களில் ஒருவரிடம், காணி உறுதிப் பத்திரம் இல்லாதவன் விவசாயி இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். காணி உரிமை பற்றிய வழக்கை இந்த மனுவில் கொண்டுவர நாங்கள் நினைக்கவில்லை. அது உங்கள் மேசையில் தீரக்கூடியதும் அல்ல. விதை ஒதுக்கீட்டுக்கு மட்டும், காணி உறுதிக்குப் பதிலாகக் கிராம உத்தியோகத்தரும் விவசாயப் போதனாசிரியரும் நேரில் பார்த்து, இவர் இவ்வளவு நிலத்தில் கிழங்கு செய்கிறார் என்று கையெழுத்திட்டால் போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். செய்கை கண்ணுக்கு முன்னால் பச்சையாக நிற்கிறது.

இனி வர்த்தமானி. இந்த மலையின் கிழங்கே அனுமதிப்பத்திரங்களால் வளர்ந்தது, அனுமதிப்பத்திரங்களால் தளர்ந்தது என்று சொல்லலாம். 1967 இல் உணவுக் கிழங்கு இறக்குமதிக்குத் தடை வந்த பிறகுதான் நுவரெலியாவிலும் வெலிமடையிலும் செய்கை பெருகியது. 1996 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அதன் பின் இறக்குமதிக் கிழங்குக்கு விதிக்கும் வரியான விசேட வியாபாரப் பண்ட அறவீடு ஏறினால் எங்கள் விலை நிற்கும், இறங்கினால் விழும். 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரசுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தை நாங்கள் மறுக்கவில்லை. அதை இரவோடிரவாகப் பயன்படுத்துவதுதான் தாங்க முடியாதது. 2021 மே மாதத்தில் ஒரு அதிவிசேட வர்த்தமானி இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். இடையில் ஒரு போகம் முழுவதும் எங்கள் கையை விட்டுப் போயிற்று. கிழங்கு பசளை தின்னும் பயிர், அதற்கு அடுத்த வருடம் என்று தவணை சொல்ல முடியாது.

2022 ஆகஸ்டில் சுமார் 300 வகைப் பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, ஏற்கெனவே கப்பலேறிய சரக்கு வந்து சேர அவகாசம் கொடுத்தார்கள். அந்த முறை சரி. விதைக்கிழங்கு, பசளை, பதிவுபெற்ற பீடைநாசினி ஆகியவற்றில் இனி எந்த மாற்றம் வந்தாலும் அதே அவகாசத்தை எழுத்திலேயே போடுங்கள். நடுகைக்கு முந்திய மாதங்களில் புதிய நிபந்தனை விதிக்காதீர்கள். நோய் கண்டு அவசரமாக நிறுத்த வேண்டி வந்தால் அது வேறு, அதற்கு நாங்கள் எதிர்ப்புச் சொல்ல மாட்டோம்.

உள்ளூர் விதை இருக்கிறதே என்று கேட்பீர்கள். சீத்தா எலிய ஆராய்ச்சி நிலையத்தில் திசு வளர்ப்பில் நோயற்ற கன்று உண்டாக்குகிறார்கள் என்பது எங்களுக்குப் பெருமை. அந்த விதை போதியளவு எங்கள் கைக்கு வரும் நாளில் இறக்குமதி அனுமதி பற்றி மனு எழுத நாங்கள் வரமாட்டோம். அதுவரை, எங்கள் வீட்டு விதையை மூன்று நான்கு போகம் திருப்பித் திருப்பிப் போட்டால் வைரஸ் ஏறி இலை சுருண்டு பலன் சுருங்குகிறது. இடையிடையே புது விதை வாங்காமல் வழியில்லை.

மொழி பற்றியும் சுருக்கமாக. அனுமதி அறிவித்தலும் விண்ணப்பமும் எங்கள் பகுதிக்குத் தமிழில் வரவேண்டும். அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயம் அதற்கு இடம் கொடுக்கிறது. திகதியையும் நிபந்தனையையும் வேறொருவரிடம் வாசிக்கக் கொடுத்து விளங்குவதற்குள் பெயர்ப்பட்டியல் மூடிவிடுகிறது.

வரும் பருவத்துக்கான அனுமதி முடிவுத் திகதியை எங்கள் பகுதிக் கமநல சேவை நிலையங்களின் அறிவித்தல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டச் செய்யுமாறும், மேலே சொன்ன கூட்டு ஒதுக்கீட்டை முதலில் ஒரேயொரு கொள்கலனுக்காவது இந்த மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்குமாறும் வேண்டுகிறோம். முன்பணம் கட்ட இணங்கியவர்களின் பெயர்ப்பட்டியலையும், ஒவ்வொருவரும் செய்யும் நில அளவையும் இத்துடன் இணைத்திருக்கிறோம். உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் இங்கு வந்தால் காணிகளைக் காட்ட எங்களில் யாரும் வருவோம். காலை எட்டு மணிக்குப் பிறகு கொழுந்துக்குப் போய்விடுவார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையானால் நல்லது.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள செய்கையாளர்கள்

இணைப்பு: பெயர்ப்பட்டியலும் நில அளவும்