மாஸ்டரின் கிட்டாரும் ஒரு கொக்கியும்

மச்சானுக்கு,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம், என் முதுகைத் தவிர. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

மருமகளின் கிட்டாருக்குத் தோளில் போட்டுக்கொள்ளும் பட்டையை, அதான் ஸ்ட்ராப்பை, எப்படி மாட்டுவது என்று கேட்டிருந்தாய். அவளுடையது இரும்புக் கம்பி கிட்டார்தானே? அடிப்பக்கம் ஒரு குமிழ் இருக்கும், ஒரு முனை அதில். முதலில் குமிழை இழுத்துப் பார்த்துவிடு. பல கிட்டார்களில் அது திருகு இல்லை, வெறுமனே இறுக்கிச் செருகியது. ஆட்டம் கண்டிருந்தால் கையோடு வந்துவிடும். மறுமுனையை ஷூ லேஸால் கிட்டாரின் தலையில் கட்டு. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் படியும் சின்னக் கட்டையான நட்டுக்கும், கம்பியை முறுக்கும் முதல் கீக்கும் நடுவே, கம்பிகளுக்கு அடியில் லேஸ் போகவேண்டும். கம்பிக்கு மேலே சுற்றினால் சுருதி காலி. இடது கைக்குக் கொஞ்ச நாள் இடைஞ்சலாக இருக்கும், பழகிவிடும். ஒன்று மட்டும் கேள்: நம்ம ஆள் மீசையை டிரில் மிஷினோடு வீட்டுக்குள் விடாதே. பரண் கதவு ஞாபகம் இருக்கிறதல்லவா!

இப்போது என் கதை. நம் கிட்டார் மாஸ்டரின் கிட்டார் என்னிடம் வந்திருக்கிறது. அவர் வீட்டு அக்காவே கூப்பிட்டுக் கொடுத்தார். அதேதான், தலையில் கம்பி நுனியில் சிகரெட்டைச் செருகிவிட்டு மறந்துபோய் வாசிப்பாரே, அந்தக் கருகல் தழும்போடு.

உட்கார்ந்து வாசிக்க முதுகு விடுவதில்லை. நின்றால் ஸ்ட்ராப் வேண்டும். இது நைலான் கம்பி கிட்டார், இதில் மேலேயும் குமிழ் கிடையாது, கீழேயும் கிடையாது. உன் வீட்டு லேஸ் வித்தை இங்கே பலிக்காது. பழுது பார்ப்பவர், "அடியில் உள்ளே தடிமனான கட்டை இருக்கிறது, அதில் ஒரு துளை போட்டால் சத்தம் கெடாது" என்றார். அவர் சொன்னது சரிதான், மறுக்க முடியவில்லை. ஆனால் பென்சிலால் புள்ளி வைக்கக் குனிந்தார் பார், கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய். காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் ஒன்றும் இருக்கிறது. இதன் ஷெல்லாக் (அரக்கு) பாலிஷில் அது தடம் பதிக்கும், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கொக்கி. ஸ்ட்ராப் என் கழுத்தைச் சுற்றி வந்து, கிட்டாரின் பின்பக்கமாக அடியில் நுழைந்து, நடுத்துவாரத்தின் கீழ் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் பலகை சுமார் 2.5 மி.மீ.தான் என்பதால் கொக்கிக்குத் தோல் துண்டு சுற்றினேன். துளை இல்லை, பசை இல்லை. ஒரு வாரம் நின்றுகொண்டே வாசித்தேன், மச்சான். அப்படி ஒரு சந்தோஷம்.

அதில் ஒரு சங்கதி: கிட்டாரை அது கீழிருந்து தாங்குகிறது, மேலே பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒரு கையாவது எப்போதும் மேலே இருந்தாகவேண்டும். தெரிந்தேதான் இருந்தேன். முந்தாநாள் நோட்டுப் பக்கம் மடங்கிக்கொண்டது, பிரிக்க இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். கிட்டார் முன்பக்கமாக அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. முழங்காலை முட்டுக் கொடுத்து அதன் உடம்பைப் பிடித்துவிட்டேன். கிட்டாரின் தலை மேசை விளிம்பில் இடித்துவிட்டது.

அரிசி அளவு ஒரு பள்ளம், மாஸ்டரின் தழும்புக்குப் பக்கத்திலேயே. ஒரு துளைக்கு அத்தனை வீம்பு பிடித்தவன் நான்! அன்று ராத்திரி தூங்கவில்லை. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை, திட்டித்தான் இருப்பார்.

துவாரத்தின் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டும் ஸ்ட்ராப்பும் இருக்கிறதாம், கவிழாது. அதற்குச் சொல்லியிருக்கிறேன். வரும் வரை சுவரில் சாய்ந்து நின்று, பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் குழந்தை மாதிரி வாசிக்கிறேன்.

அக்கா அடுத்த மாதம் வந்து கேட்கிறேன் என்றிருக்கிறார். நானே காட்டிச் சொல்லிவிடுவேன். அதுவரை நீ வாயைத் திறக்காதே.

உன்
நெட்டை